பிரேமுக்குப் பின்னால் இருந்த படிவம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், முழங்கால் வலியோடும் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடும். நீ அங்கே சுகமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய், போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படி.

நீ கூரியரில் அனுப்பின வாக்குமூலம் நாலு தாளும் வந்து சேர்ந்தது. இரண்டு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, இங்கே கையெழுத்துப் போடு அம்மா, மற்றதைப் படித்துக் குழப்பிக்கொள்ளாதே என்று ஒரு சின்னச் சீட்டும் ஒட்டியிருந்தாய். ஆறாங்கிளாஸ்தான் என்றாலும் விரல் வைத்துப் படிக்கத் தெரியும் எனக்கு, மூன்று தரம் படித்தேன். மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் சட்டப்படி திருமணம் எதுவும் நடக்கவில்லை, நடந்தது குடும்பத்தார் கூடிய ஒரு பிரார்த்தனை மட்டுமே, இது எதிர்மனுதாரரின் தாயாகிய எனக்கு நேரில் தெரியும் என்று இருந்தது. எதிர்மனுதாரர் என்பது நீ, மனுதாரர் என்பது என் மருமகள் என்று புரிவதற்குள் டீ ஆறிப்போனது. நேரில் எனக்குத் தெரிந்தது என்ன தெரியுமா, உன் அப்பா புதுச் செருப்பு கடித்து நொண்டிக்கொண்டே வாசலில் நின்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து என் பையனுக்குக் கல்யாணம் என் பையனுக்குக் கல்யாணம் என்றார், நீ அவசரத்தில் மோதிரத்தைக் கீழே போட்டாய், அது நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு ஓடி, உன் சிநேகிதர்கள் நாலு பேர் மண்டியிட்டுத் தேடினார்கள். அது வெறும் பிரார்த்தனையா.

பிரிந்துவிடுகிறேன் என்று கேட்டவள் அவள்தான், அதை நான் மறைக்கவில்லை. நீ அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துவது தெரிந்தும், மாமா இருக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று இருந்தாள், அவர் போய் மூன்றாம் மாசம் மனு போட்டாள். சரி கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், கொடுக்கமாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். கல்யாணமே நடக்கவில்லை, அதனால் விவாகரத்து என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பதில் போட்டிருக்கிறாய். வருகிற இருபதாம் தேதி நீதிபதி முதலில் அதைத்தான் விசாரிப்பாராம். கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டால் அவளுடைய மனு தள்ளுபடி, அவள் என்றைக்குமே மனைவி இல்லை, அப்பா உன் பேரில் எழுதின இந்த வீட்டில் ஒரு நாள் தங்கவும் அவளுக்கு உரிமை கிடையாது, ஒன்பது வருஷத்தை ஒரு சூட்கேஸில் அடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவளுடைய வக்கீலம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூடக் குறையச் சொல்லவில்லை.

அவள் எனக்குச் சொக்குப்பொடி போட்டுவிட்டாள் என்று நீ உன் தங்கையிடம் சொன்னாயாம். அவள் ஒன்றும் வாயில்லாப்பூச்சி இல்லை, எனக்குத் தெரியாதா. சமையலறை ஜன்னலை நான் மூடுவேன், அவள் திறப்பாள், அந்தச் சண்டையில் நாங்கள் ஒரு மாசம் பேசிக்கொள்ளவில்லை, உப்பு குறைச்சல் என்று சொன்னால் மறுநாள் வேண்டுமென்றே அள்ளிப் போடுவாள். ஆனால் அப்பா படுத்த பதினொரு மாசமும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, அவரைத் தூக்காமலே அடியில் இருக்கிற விரிப்பை மாற்றுவாள், ஒருக்களிக்க வைத்து, பாதியைச் சுருட்டி முதுகோடு தள்ளி, அந்தப் பக்கம் திருப்பி உருவினால் புது விரிப்பு விழுந்திருக்கும், அவர் முனகக்கூட மாட்டார். எனக்குச் சொல்லிக்கொடுத்தும் கை வரவில்லை. நீ மூன்று நாள் வந்து இருந்தாய், அதில் ஒரு நாள் பிரயாண அலுப்பு என்று தூங்கினாய். மனைவியே இல்லாதவள் எந்த முறையில் உன் அப்பாவுக்கு விரிப்பு மாற்றினாள், அதையும் உன் வக்கீலிடம் கேட்டு எழுது.

கல்யாணத்தன்று பிரார்த்தனைக் கூடத்தில் கொடுத்த சான்றிதழுக்கு அப்பா தன் பிரேம் கடையிலேயே தங்க ஓரம் வைத்து பிரேம் போட்டு ஹாலில் மாட்டினாரே, அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வக்கீலம்மாவிடம் போனோம். பார்த்துவிட்டு, இது கூடத்துச் சீட்டு, பதிவு அலுவலகத்துச் சீட்டு எங்கே என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம், சுவரில் தொங்குவதுதான் எல்லாம் என்று இருந்துவிட்டோம். பதிவுப் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டோமே என்றாள் மருமகள், உங்கள் பிள்ளைதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், ஆபீஸில் வரிசையில் இருக்கிறது என்றார், அப்புறம் நானும் கேட்கவில்லை என்றாள். அலுவலகத்தில் அந்த வருஷத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், அப்படி ஒன்று வரவே இல்லை.

சரி, கூடத்துச் சீட்டையாவது அசலாகக் கொடுங்கள், பிரேமோடு கோர்ட்டில் வாங்கமாட்டார்கள் என்றாள் வக்கீலம்மா. வீட்டுக்கு வந்து திருப்பி வைத்தேன். பின்பக்கம் அப்பா ஒட்டின பழுப்புத்தாள், அதன் மேல் எல்லாப் பிரேமிலும் எழுதுகிற மாதிரி பென்சிலில் தேதியும் யாருக்கு என்றும் எழுதியிருந்தார். மருமகளுக்கு, ஈரச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று. கடையைக் காலி செய்தபோது எல்லாம் போய்விட்டது, அவர் எழுத்து என்று வீட்டில் மிச்சம் அந்த ஒரு வரிதான். பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் அத்தை, போனால் போகட்டும் விடுங்கள் என்றாள் அவள். எழுத்தில் படாமல் மூன்று பக்கம் மட்டும் கீறித் திறந்தேன். சான்றிதழ் வளையாமல் இருக்க அதன் முதுகில் ஒரு கெட்டித் தாள் வைத்திருந்தார். அதைத் திருப்பினால் அந்தப் படிவம்.

அப்போதுதான் எனக்கு, நீ சான்றிதழை பிரேம் போடக் கடைக்குக் கொண்டுவந்த அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன், நீ தாள்களைச் சுருட்டினபடியே மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். இந்தக் கெட்டித் தாள் வேணுமாடா என்று அப்பா கேட்டார். நீ போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேஸ்ட் பேப்பர்தான்பா, வச்சுக்கோங்க" என்றாய். அவர் காகிதம் என்றால் கனம் பார்ப்பார், கறை பார்ப்பார், எழுத்தைப் பார்க்கமாட்டார். வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து ஆணி அடித்துவிட்டார். அன்றைக்கு நீ பார்க்காமல் சொன்னாய், அதை மன்னித்துவிடலாம். அப்புறம் அவள் கேட்டபோது ஆபீஸில் கொடுத்துவிட்டேன் என்றாயே, அது தெரிந்து சொன்ன பொய். இப்போது வக்கீல் வைத்து டைப் அடித்து அந்தப் பொய்யை என் வாயாலும் சொல்லச் சொல்கிறாய். அப்பா போய்விட்டார், கிழவி சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தாய். படிவத்தில் உன் கையெழுத்து இருக்கிறது, அவள் கையெழுத்து இருக்கிறது, இரண்டாம் சாட்சி நான், முதல் சாட்சி உன் அப்பா, கையெழுத்தின் வால் வழக்கம்போலக் கோட்டைத் தாண்டி இழுத்திருக்கிறது. அந்த வாலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலை மூடப் போனாள், ஒன்பது வருஷத்தில் அவளாகவே மூடினது அன்றைக்குத்தான்.

ஜெயித்துவிடலாம் என்று வக்கீலம்மா சொல்லவில்லை. பதிவாகாத கல்யாணத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது நீதிபதி கையில் இருக்கிறது, ஆனால் நடந்தது பிரார்த்தனைதான் என்று இனிமேல் உங்கள் பையன் சாதிக்க முடியாது, பிரார்த்தனைக்கு யாரும் பதிவுப் படிவம் நிரப்பமாட்டார்கள் என்றாள். கல்யாணத்தை நடத்திவைத்த கூடத்துப் பெரியவரையும் போய்ப் பார்த்தேன். எங்களைப் பொறுத்தவரை கூடத்தில் போட்ட கல்யாணக் கட்டு கட்டுதான், உங்கள் பையன் வாய்திறந்து விடுவித்தால் ஒழிய அவள் வேறு வாழ்க்கை பார்க்க முடியாது என்றார். கோர்ட்டில் அவள் மனைவியே இல்லை என்கிறாய், கூடத்தில் அவள் மனைவியாக இல்லாமல் போகவே முடியாது என்கிறார்கள், இரண்டு கதவையும் சாத்திவிட்டு ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தினால் அவள் எந்தப் பக்கம் போவாள். அந்தக் கட்டை வந்து கோர்ட்டில் சொல்லுங்கள் என்றேன். முழங்கால் சரியில்லை அம்மா, மாடிப்படி ஏறமுடியாது என்றார். கூடம் இருப்பதே மாடியில், நாங்கள் பேசினதும் அங்கேதான்.

உன் தங்கை போன் செய்து, பெற்ற பிள்ளைக்கு எதிராக எவளாவது கோர்ட் ஏறுவாளா என்று அழுதாள். அழுது முடி, பிறகு உன் கல்யாணப் படிவம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார் என்றேன். மறுநாள் காலையில் ஒரே வரியில் மெசேஜ், பார்த்துவிட்டேன் அம்மா, பதிவாகியிருக்கிறது என்று. அப்புறம் அவள் அழவில்லை.

நேற்று என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். டைப் அடிக்கிற பெண், என்ன உறவு என்று போடட்டும், எதிர்மனுதாரரின் தாய் என்றால் போதும்தானே என்றாள். போதாது என்றேன். "முதல்ல மனுதாரரோட மாமியார்னு போடு. கல்யாணமே நடக்கலைன்னா நான் யாருக்கு மாமியார்?" அப்படியே அடித்தாள். கையெழுத்துப் போட்டேன், எனக்கு யாரும் பெருக்கல் குறி போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அங்கே குளிர் அதிகம் என்று தங்கையிடம் சொன்னாயாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயசிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் வலி வரும். உனக்குச் சாபம் கொடுக்க என் வாய் வரவில்லை, நன்றாக இரு, ஆனால் இன்னொருத்தி வாழ்க்கையை அழித்துவிட்டு நன்றாக இராதே. இருபதாம் தேதியை மறக்காதே, நீ கம்ப்யூட்டர் திரையில் வருவாயாம், நான் நேரில் நிற்பேன், என் முகத்தைப் பார்த்துப் பேசு. கூடத்துப் பெரியவருக்கும் போன் செய்து அவளை விடுவித்தேன் என்று சொல்லிவிடு, கட்டினவன் இரண்டு இடத்திலும் அவிழ்த்துவிடு. இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தால் நீ அனுப்பின நாலு தாளும் பின்பக்கம் இருக்கும். நல்ல கெட்டித் தாள், ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது, வேஸ்ட் பேப்பர்தானே என்று எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய மாமியார்,
உன் அம்மா.