சில்லின் மூலையில் ஒரு மூக்கு

1974 மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. கட்டில் அளவு மேசை, அடியில் விளக்கு, மேலே கண்ணாடித் தாளில் ஒட்டிய சிவப்பு ஃபிலிம். கம்பி ஓட வேண்டிய இடத்தையெல்லாம் கத்தியால் கீறி உரித்து எடுக்க வேண்டும். முடிந்ததும் கேமராவில் வைத்துச் சுருக்கிச் சுருக்கி ஒரு சிலிக்கான் சில்லில் பதிப்பார்கள். விரல் நகத்துக்குள் அடங்கிவிடும். கால்குலேட்டருக்குள் போகிறதாம்.

தலைமைப் பொறியாளர் வந்தார். நாங்கள் அவரைக் 'கிளி' என்போம். காரணம் மூக்கு. மூலையில் இடம் சும்மா கிடக்கிறதே, கம்பிகளைக் கொஞ்சம் பரப்பி அழகாகப் போடலாமா என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா கற்பனை? கோடு போட்டா போதும்" என்று போய்விட்டார்.

ஓவியம் படித்தவளிடம் சொல்கிற பேச்சா இது?

மார்ச் 6, புதன்

போட்டுவிட்டேன். அந்தக் காலி மூலையில், உள்ளங்கை அளவில், பக்கவாட்டு முகம். வழுக்கை, கண்ணாடி, இரட்டைத் தாடை, அந்த மூக்கு. எந்தக் கம்பியையும் தொடாமல்தான் — வேலையைக் கெடுக்க மாட்டேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து, "மூக்கைக் குறைச்சுட்டியேடி" என்றாள். சுருங்கின பிறகு தூசி மாதிரி இருக்கும். யாருக்குத் தெரியப் போகிறது?

மே 21, செவ்வாய்

சில்லு முதல் தடவையே வேலை செய்கிறது. கூடம் முழுக்கக் கைதட்டல். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த கிளி எடுக்கவேயில்லை. மூலையைப் பார்த்துவிட்டாரோ? கடைசியில் நிமிர்ந்து, "அழகு" என்றார். நடுப்பகுதியைத்தான் பார்த்திருக்கிறார். மனுஷர் மூலைக்குப் போகவேயில்லை.

மே 22, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே. என் சைக்கிள் கடையை நம்பியா குடும்பம் ஓடுது?" ஓடவில்லை. அதுதான் பயம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வரவேற்பறையில் சில்லின் படத்தைப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். சுவர் அளவு! அந்தக் கணக்குக்கு மூக்கு மட்டுமே ஒரு சாண் வருமே.

ஆகஸ்ட் 12, திங்கள்

மாட்டிவிட்டார்கள். தச்சர் அடித்த சட்டம் நல்ல அகலம் — மூலை முழுக்க மறைந்துவிட்டது. அந்தத் தச்சர் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

நவம்பர் 18, திங்கள்

எதிர்க் கம்பெனியின் கால்குலேட்டர் கடைக்கு வந்திருக்கிறது, பாதி விலையில். எங்களுடையதைச் சீந்த ஆளில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே அதே சில்லு. கேட்டால், "ஒரே கணக்குக்கு ரெண்டு பேருக்கு ஒரே விடை வராதா? நாங்க சொந்தமா யோசிச்சது" என்கிறார்களாம். வழக்குப் போடப் போகிறோம், தோற்றால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று கிளி கூடத்தில் நின்று சொன்னார். முதல் தடவையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் போனதும் அக்கா காதைக் கடித்தாள்: "அடியே, அவங்க அடிச்சது ஈயடிச்சான் காப்பின்னா, மூலையில நம்ம கிளியும் இருக்கணுமே!"

ஐயோ. இருக்குமா?

நவம்பர் 19, செவ்வாய்

இருக்கிறது. மதிய இடைவேளையில் அவர்கள் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வழுக்கை, கண்ணாடி, மூக்கு, ஒன்று விடவில்லை. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லார் வேலையும் போகும், என்னுடையதும் சேர்த்து. அப்புறம் என்ன யோசனை? ஆனாலும் சாயங்காலம் வரை திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 20, புதன்

சொல்லிவிட்டேன். முதலில் எங்கள் சில்லைப் பார்த்தார். பிறகு அவர்களுடையதை. மறுபடி எங்களுடையதை.

"யாரும்மா இது?"

"நீங்கதான் சார்."

"இருக்காதே. இவனுக்கு மூக்கு ரொம்பப் பெரிசா இருக்கே."

அவர் கை மெதுவாகத் தன் மூக்குக்குப் போனது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு மட்டும் சார்." பொய். கூடம் முழுக்கத் தெரியும்.

"நாளைக்கு வக்கீல் வர்றார். நீங்களும் வாங்க." வேலை உண்டா இல்லையா, சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

1975 பிப்ரவரி 11, செவ்வாய்

நீதிமன்றம். எதிர்த்தரப்புப் பொறியாளர் கூண்டில் ஏறி, எல்லாமே தாங்கள் யோசித்துப் போட்டது, காரணமில்லாமல் ஒரு கோடுகூடக் கிடையாது என்று சத்தியம் செய்தார். எங்கள் வக்கீல் மூலையின் படத்தை மட்டும் பெரிதாக்கி நீட்டினார். "அப்போ இது எதுக்குங்க?"

மனிதர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "அது... சூட்டை வெளியேத்தறதுக்கு."

"இந்த நீட்டிக்கிட்டு இருக்கறது?"

"அது வழியாத்தான் சூடு போகும்."

அடுத்து கிளியைக் கூப்பிட்டார்கள். பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னார் வக்கீல். நின்றார். நீதிபதி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சட்டென்று மேசைக்கடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது. கிளி அசையவில்லை. எல்லாருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று தலையை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் வேலைக்காகத்தானே நிற்கிறார்!

மார்ச் 3, திங்கள்

ஜெயித்துவிட்டோம். எனக்கு ஒரே உறையில் எச்சரிக்கைக் கடிதமும் பாராட்டுக் கடிதமும். வேலை இருக்கிறது! வீட்டுக்காரர் பாராட்டை மட்டும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

அடுத்த சில்லுக்கான வரைபடம் வந்தது. மூலையில் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டு, காலியாக விட்டு, 'பாதுகாப்புக்கு' என்று கிளியே எழுதியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஆளே வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மேசைக்கு எதிரே பக்கவாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அவசரமில்லைம்மா. நிதானமாப் போடுங்க."

சாயங்காலம் வரை ஃபிலிம் ஃபிலிமாகப் பாழாக்கினேன். ஒன்றாவது அவர் மாதிரி வரவேண்டுமே! "அன்னிக்குக் கோபம் இருந்துச்சு, கை தானா ஓடிச்சு" என்கிறாள் அக்கா. நாளைக்கும் வந்து உட்காருகிறாராம். அதற்குள் எப்படியாவது அவரிடம் ஒரு திட்டு வாங்கியாக வேண்டும்.