கைகாட்டி நீண்ட பக்கம்

அன்பு மகள் நப்லாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்கள் சுகத்தில் சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் அந்த மெல்பேர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க எந்நாளும் துஆக் கேட்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய், சிரி. போனில் கதைக்கலாம் என்றால் உன் வாப்பா ஸ்பீக்கரில் போடாமல் ஒரு சொல் கேட்கமாட்டார், அவர் ஸ்பீக்கரில் போட்டதும் மதிலுக்கு அந்தப் பக்கம் என் சாச்சி றாஹிலா றேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவா. உன்னோடு படித்த நஸ்லின் லீவு முடிந்து திரும்பிப் போகிறாள் என்று அறிந்துதான் அவளுடைய பெட்டிக்குள் இதை வைக்கிறேன். கருவாடும் வைக்கப் பார்த்தேன், அந்த நாட்டு எயார்போட்டில் கருவாட்டைப் பிடிப்பார்களாம், கடிதத்தைப் பிடிக்கமாட்டார்களாம், நல்ல சட்டம்.

விஷயம் அக்கரைப்பற்று அர்ஷாத்துடைய விஷயம்தான். நாங்கள் போய் மாப்பிள்ளை கேட்டோம், அவனுடைய உம்மா சம்மதம் சொல்லிவிட்டா, இனிக் காவின் எழுதி நிக்காஹ்வைப் பதிய நாள் வைக்க எங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன்னைக் கேட்டால் நீ சொன்னது, “உங்கட விருப்பம் உம்மா.” அன்றையிலிருந்து அந்த மூன்று சொல்லையும் நான் தோசைபோலத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் வெந்தது என்று தெரியவில்லை. உன் வாப்பா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு யாருக்கெல்லாம் சொல்லுவது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். எனக்கு அப்படி எடுக்க மனம் வரவில்லை, வீடியோவில் கதைத்த முதல் நாளே அவன் கார்பரேட்டரைப் பற்றித்தான் கதைத்தான் என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். சரி, பெடியனைக் கிட்ட வைத்து ஒருமுறை பார்ப்போம் என்று போன சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். நீர்ப்பாசன எஞ்சினியர், டிப்பார்ட்மெண்ட் ஜீப்பில் வந்து இறங்குவான் என்று பார்த்தால், சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒன்றில் வந்து இறங்கினான். மகள், அந்தக் காரைக் கண்டதும் எனக்குக் கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பது மறந்துபோனது, பிறகு பார்த்தால் இரண்டு தரம் போட்டிருக்கிறேன், அவன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டான், அதற்கு ஒரு புள்ளி போட்டேன்.

சாப்பிட்டுவிட்டு எங்களைக் கல்முனை வரை ஏற்றிப்போகிறேன் என்றான். உன் வாப்பா முன்னால், நான் பின்னால். இந்தக் காருக்கு இரண்டே இரண்டு கதவு, பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டைக் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்த சீட் தானாக நிற்காது, யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் பிடித்துக்கொண்டான், நான் முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்தி ஏறும் வரை முகம் சுளிக்கவில்லை. வழி முழுக்கப் பழைய கார்களின் குணங்குறைதான். ஹெட்லைட்டைத் தாழ்த்தும் சுவிச் கையில் இல்லையாம், இடது காலுக்குக் கீழே தரையில் இருக்கிறது, காலால் மிதிக்க வேண்டும். பீட்டில் காரில் முன் கண்ணாடி கழுவும் தண்ணீர் ஸ்பெயார் டயரில் இருக்கும் காற்றில்தான் பீச்சுமாம், டயரில் காற்று இறங்கினால் கண்ணாடியும் அழுக்காகவே கிடக்குமாம். நீ சிரிக்காதே, எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம், யாருக்கு வந்த யோசனை அது, அந்த மனிசனின் பெஞ்சாதி அவனோடு எப்படிக் குடும்பம் நடத்தினா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கல்முனைச் சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போது இடது கைகாட்டி சிக்கியது, என் கை தன்பாட்டில் எழும்பிப் பக்கத்துத் தூணில் ஓங்கி ஒரு அடி அடித்தது, கைகாட்டி ‘டக்’ என்று வெளியே நீண்டது. அர்ஷாத் திரும்பிப் பார்த்து, “மாமி, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?” என்று கேட்டான். அவன் கேட்டபடியால்தான் இந்தக் கதையே வெளியில் வந்தது.

உனக்குக் கைகாட்டி தெரியாது. இப்போது மஞ்சள் லைட் வெட்டி வெட்டி எரிகிறதே, அது வருவதற்கு முன்னால் கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணுக்குள் ஒரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும், சுவிச்சைத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை வெளியே நீளும், நீண்டால் உள்ளே பல்ப் எரியும், தூசு அடைத்தால் சிக்கும், சிக்கினால் உள்ளேயிருந்து அடிக்க வேண்டும். என் வாப்பா, உன் மூத்தவாப்பா பக்கீர் முகைதீன், சாய்ந்தமருதில் ஓட்டிய வாடகைக் கார் இதே மொறிஸ் மைனர். நம் பக்கத்தில் பெண் வீட்டார்தானே மாப்பிள்ளை கேட்டுப் போவது, அந்த நாளையில் ஒரு ஒழுங்கைக்குள் கார் வந்து ஒரு வீட்டு வாசலுக்குக் கைகாட்டி நீண்டால், ஒன்றில் அந்த வீட்டில் நோயாளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலியாண வயதுப் பெடியன் இருக்க வேண்டும். எனக்கு மருதமுனையில் ஒரு கிளார்க்கைப் பார்த்து வைத்தது என் சாச்சா, வாப்பாவின் தம்பி, றாஹிலா சாச்சியின் புருஷன். சாச்சா சொன்னதை மறுத்தால் இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு அறுந்துவிடும், அவர் அப்படியான ஆள். ஒரு நாள் என் வாப்பாவும் சாச்சாவும் றாஹிலா சாச்சியும் அந்த வீட்டைக் கேட்கக் காரில் போனார்கள். கிளார்க்கின் வீடு ஒழுங்கைக்கு வலப்பக்கம். அதற்கு நேரெதிரே, இடப்பக்கம், நெசவு வீடு, அதுதான் உன் வாப்பாவின் வீடு. வலப்பக்கம் நீள வேண்டிய கைகாட்டி நீளவில்லை, இடப்பக்கம் நீண்டுவிட்டது. வாசலில் நூல் காயப்போட்டுக்கொண்டிருந்த உன் வாப்பாவின் உம்மா அதைக் கண்டதும் நூலைப் போட்டுவிட்டு, “வாங்க, வாங்க, இரிங்க” என்று என்ஜின் நிற்பதற்கு முன்னமே கேற்றைத் திறந்துவிட்டா. வா என்று கூப்பிட்ட வாசலில் நின்றுகொண்டு, உங்களிடம் வரவில்லை, கார் பிழைத்துவிட்டது என்று எந்த மனிசன் சொல்லுவான்? போனார்கள், பிளேன்டீ குடித்தார்கள், பணியாரம் தின்றார்கள், ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று காத்துக்கொண்டு கைத்தறிச் சாரம் விற்றுத்திரிந்த மசூர் என்ற பெடியனைக் கண்டார்கள், போனதே கேட்டதாக ஆகிவிட்டது, இனி எதிர் வீட்டில் ஏற முடியாது. திரும்பப் பார்த்தால் கார் ஸ்டார்ட் வரவில்லை. மசூர் ஓடிவந்து முன்னால் இரும்புக் கைபிடியைப் போட்டுச் சுற்றினார். அதைப் பிடிக்கும்போது பெருவிரலைச் சுற்றி மடக்கக்கூடாது, என்ஜின் திருப்பி அடிக்கும், எல்லாச் சாரதிக்கும் தெரிந்த விஷயம், உன் வாப்பாவுக்குத் தெரியாது. அடித்த அடியில் வீங்கிய மணிக்கட்டோடுதான் காவினில் கையொப்பம் வைத்தார், பதிவுகாரர் கடதாசியைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு எழுத வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டாராம், நியமனத்துக்குக் காத்திருந்த வாத்தியாரைப் பார்த்து. அன்றிலிருந்து நம் குடும்பத்தில் அவருக்குப் பெயர் கார் பிழைத்து வந்த மாப்பிள்ளை. பெருநாளைக்குப் பெருநாள் சாச்சி அதைச் சொல்லிச் சிரிப்பா, உன் வாப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

காவின் எழுதியும் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டுக்குப் பூச்சு முடியாதபடியால் கலியாணம் தள்ளிப்போனது. மார்க்கப்படி புருஷன் பெஞ்சாதி, ஊர்ப்படி அந்நியர், இதற்குள் சீலை எடுக்கவும் கதவுப் பூட்டு வாங்கவும் அக்கரைப்பற்றுக்குப் போய்வர வேண்டும். வாப்பா ஓட்டுவார், பக்கத்தில் மசூர், பின்னால் நான், எனக்குக் காவலாகச் சாச்சி, சாச்சிக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, தேசிக்காயை மூக்கில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவா. இடது தூண் என் தோளுக்குப் பக்கத்தில். கைகாட்டி சிக்கியதும் வாப்பா, “அடி புள்ள!” என்பார், நான் அடிப்பேன், அதற்குள் முன் சீட்டிலிருந்து ஒரு கையும் பின்னால் வந்து அதே இடத்தில் அடிக்கும். இரண்டு கையும் தூணில் கொஞ்சம் சுணங்கும். பிறகு பிறகு வளைவு இல்லாத நேர் றோட்டிலும் அடித்தோம். ஒருநாள் சாச்சி கண்ணைத் திறக்காமலே, “என்னகா, கார் வளையவே இல்ல, தூணுக்கு மட்டும் அடி விழுது” என்றா. வாப்பா ஒரு சின்ன இருமல் இருமினார். நாங்கள் காதலித்தது இவ்வளவுதான் மகள், ஒரு அடி அகலமில்லாத தூணில், இதை உன் கூட்டாளிமாருக்குச் சொல்லிவிடாதே.

இதில் தூணுக்கு அடித்த பகுதியைக் கொஞ்சம் அமத்தி, மிச்சத்தையெல்லாம் நான் சொல்லி முடிக்க, அர்ஷாத் சிரிக்கவில்லை. காரை ஓரமாக நிப்பாட்டிவிட்டு, “அப்பிடி நடக்கேலாதே மாமி” என்றான். “ரெண்டு கைக்கும் ரெண்டு வயர், ரெண்டு காந்தம். வலது சிக்கினா வலது வராது, அவ்வளவுதான். அதுக்காக இடது தானா எழும்பாது. ஆரோ சுவிச்ச இடப்பக்கம் திருப்பித்தான் இரிக்கோணும்.” நான் விடவில்லை, வயர் மாறிக் கிடந்திருக்கலாம்தானே என்றேன். “மாறிக் கிடந்தா எந்நாளும் மாறித்தானே நீளும்? நீங்க அடிக்கக்குள்ள எந்தப் பக்கம் நீண்டது?” என்று கேட்டான். இடதுதான் என்றேன். அக்கரைப்பற்று றோட்டு முழுக்க அடித்தவள் நான், ஒருநாளும் மாறி நீண்டதில்லை. அன்று சுவிச்சில் கை வைத்திருந்தது என் வாப்பா. முன்னால் உன் வாப்பாவின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தது, மெல்லக் கேட்டார், “அப்ப நான் கார்ர பிழை இல்லையா?” அர்ஷாத் சொன்னான், “இல்ல மாமா. கார் பிழை விடல்ல.”

வீட்டுக்கு வந்ததும் உன் வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே மதிலடிக்குப் போய்ச் சாச்சியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சாச்சி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “அட மனிசா, என்ட புருஷனப் பின் சீட்டுல வெச்சிக்கிட்டே பேய்க்காட்டி இரிக்காரே” என்று என் வாப்பாவை நினைத்துக் கத்தினா, பிறகு சிரித்த சிரிப்பில் அவவுடைய பல்செட் கழன்றது. பள்ளிவாசலில் இப்போது சுபஹுத் தொழுகைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் கைகாட்டிக்கு இரண்டு வயர் என்பது தெரியும். நேற்று உன் வாப்பா சந்தைக்குப் போனால் மீன்காரர், “என்ன சேர், நீங்க கேட்டு எடுத்த மாப்பிள்ளையாமே” என்கிறாராம். இத்தனை வருஷம் அந்தப் பகிடிக்கு உன் வாப்பா எங்களோடு சேர்ந்து சிரித்தாரே, ஒருநாளாவது அது அவருக்குக் குத்தியதா என்று நான் கேட்டதில்லை. இப்போது அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் கேட்கவே தேவையில்லை.

ஆனால் எனக்கு நித்திரை போனது வேறு ஒன்றால். என் வாப்பாவுக்கு என் மனம் எப்படித் தெரிந்தது? மசூர் சைக்கிளில் சாரப் பொதியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவால் வரும்போது நான் யன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தது எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். உம்மாவிடமும் மூச்சு விடவில்லை. கிளார்க்கைக் கேட்கப் போவதற்கு முதல்நாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு, சம்மதமா என்று கேட்டார், நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “உங்கட விருப்பம் வாப்பா” என்றேன். ஓம் மகள், அதே சொல்தான், உன் வாயில் வந்த அதை ஓம் என்று எடுக்க எனக்கு அதனால்தான் மனம் வரவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றுதான் தோன்றுகிறது. மருதமுனையால் போகும்போதெல்லாம் நான் பின் சீட்டில் இருந்து அந்த நெசவு வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பியிருப்பேன், சாரதிக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கும், அதில் பின்னால் வரும் லொறி மட்டுமா தெரியும்? மவுத்தாகும் வரை அந்த மனிசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியின் மனமும் நோகாமல், என் வாயாலும் ஒன்றும் வராமல், பழியைக் காரின் தலையில் போட்டுவிட்டார்.

எனக்கு அந்த வசதி இல்லை நப்லா. உன் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க எனக்கு ஒரு கண்ணாடியும் இல்லை, வீடியோவில் நீ உன் நெற்றியையும் மேலே சுற்றும் ஃபேனையும்தான் காட்டுகிறாய். அர்ஷாத்தைப் பற்றி நான் கண்டதைச் சொல்லிவிட்டேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. கதை கூடத்தான், அதிலும் முக்கால்வாசி கார்தான். போகும்போது உன்னைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டான், “அவவுக்குக் கார் ஓட விருப்பமா, பக்கத்துல இரிக்க விருப்பமா மாமி?” உன்னைப் பெற்ற எனக்குப் பதில் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாங்கள்தானே கேட்டுப் போனவர்கள், இனி எப்படி வேண்டாம் என்பது, வாப்பாவின் முகம் என்னவாகும் என்று நீ பயந்து அந்த மூன்று சொல்லைச் சொல்லியிருந்தால், அந்தப் பயத்தை விடு. கேட்டுப் போனது நாங்கள், நீ இல்லை. வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆவுக்குப் போன நேரம், உனக்கு அங்கே பொழுது சாயும் நேரம், எனக்குப் போன் எடு. இல்லை என்றால் இல்லை என்ற ஒரு சொல் போதும், காரணம் கேட்கமாட்டேன். நானே பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போய் அவனுடைய உம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வருவேன், வருகிற பேச்சை நான் வாங்கிக்கொள்கிறேன், இந்த ஊரில் என் காதுக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

உன் ஆயுளையும் ஈமானையும் அல்லாஹ் நீட்டி வைப்பானாக, அந்நிய நாட்டில் உன் காலடியைக் காப்பானாக. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வெறுவயிற்றோடு படுக்காதே, நஸ்லினிடம் தந்த மிளகாய்த்தூளை ஈரக்கையால் தொடாதே. ஒன்றை மறந்துவிட்டேன், ஓம் என்பது உன் பதிலானால் எனக்கு முதலில் எடுக்காதே. அவனுக்கு எடு. கார் ஓட்டுவதா, பக்கத்தில் இருப்பதா என்று அவனிடமே சொல்.

என்றும் துஆவோடு,
உன் உம்மா சுல்பிகா
சாய்ந்தமருது