நகராத சேவல்

அன்புள்ள வெல்டாவுக்கு,

ஐடஹோ காட்டு வான்கோழிகளின் குலைநடுக்கமான உன் கணவன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

மர ஆலையில் என்னோடு வேலை செய்யும் ரஸ்ஸல், சனிக்கிழமை என்னை முதல் வேட்டைக்குக் கூட்டிப்போனான். மூடியை உரசினால் பெட்டை வான்கோழி போலக் கத்தும் மரப்பெட்டி ஒன்றைத் தந்தான். நான் உரசிய உரசலுக்கு மூன்று மாவட்டத்துச் சேவல்களும் மாப்பிள்ளைக் கோலத்தில் கிளம்பியிருக்க வேண்டும். வந்தது ஒன்றுதான். தபால் வண்டி அளவு என்றால் நம்பமாட்டாய். பாதி வண்டி என்று வைத்துக்கொள். குண்டு எட்டாத தூரத்தில் வாலை விரித்து நின்றது. கூப்பிட்டபோதெல்லாம் பதில் கத்தியது. ஓரடி நகரவில்லை.

“இன்னும் கூப்பிடவா?” என்றேன்.

“கூப்பிட்டுத்தான் கெடுத்தீங்க, பெருசு. பெட்டைதான் சேவலைத் தேடிப் போவும். அவ வந்துடுவான்னு அது பாட்டுக்கு நிக்குது.”

“எவ்வளவு நேரம் நிக்கும்?”

“சலிச்சுப் போற வரைக்கும். அப்புறம் போயிடும்.”

ஒரு மணி நேரத்தில் வாலைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டது. ரஸ்ஸல் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருடமாக நானும் இங்கேயே நின்றுகொண்டு, ‘நீ கிளம்பி வா’ என்றே எழுதிவந்தேன். நம் பையன் டீனின் கல்லறையை விட்டு வரமுடியாது என்று நீ எழுதியதைச் சாக்கு என்று நினைத்தேன். அவனை அடக்கம் செய்த வாரமே வேலையைச் சொல்லி ஓடிவந்தவன் நான்.

கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்ல நினைத்தேன். வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நெப்ராஸ்காவில் நம் வீட்டுக்குப் பேருந்து ஏறுகிறேன். ரஸ்ஸல் இதைத் தபாலில் சேர்க்க வண்டியில் காத்திருக்கிறான், முடிக்கிறேன். அந்த முழங்காலோடு கல்லறைப் புல்லை நீ வெட்டாதே. நான் வந்து வெட்டுகிறேன்.

உன்,
லாயிட்