ராக்குவுக்கு நான் போட்ட கள்ள ஓட்டு

ஏட்டி பத்மா, என் தங்கமே,

நீ மதினி முறை வைத்து 'வதினா'ன்னு கூப்பிடுகிற பக்கத்துக் கடைக்காரி எழுதுகிறேன். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. செருப்பில் கரிசல் மண்ணை அப்பிக்கொண்டு வருகிறவர்களை, "வெளிய உதறிட்டு வாங்க"ன்னு உன் தையல் மிஷினில் இருந்தபடியே என் கடைக்கும் சேர்த்து நீதான் சத்தம் போடுவாய். இந்த வருஷம் சத்தம் போட ஆள் இல்லை. என் ரீசார்ஜ் கடைத் தரை முழுக்கக் கறுப்பு.

இந்தக் கடிதத்தை, நீ போனில் படக்கதை போட்டு வந்த உன் வெப்காமிக்ஸ் பக்கத்திலேயே போடப்போகிறோம். உன் வாசகர்களும் படிப்பார்கள். படிக்கட்டும், அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் கடை ஷட்டர் பக்கம் திரும்பவே எனக்குக் கூசுகிறது பத்மா. நான் செய்து வைத்திருக்கிற காரியம் அப்படி.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு உயிரான மாத நாவல்கள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டன. புதுசாக ஒரு கம்பெனி போடுகிறது. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் பழையபடி கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறான். இந்த மாச அட்டையில் ஒருத்தி துப்பாக்கியோடு நிற்கிறாள், பின்னால் கார் எரிகிறது. நீ பார்த்திருந்தால், "காரே எரியுது, இவ கொண்டை மட்டும் கலையலையே வதினா"ன்னு சிரித்திருப்பாய். வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அதே கம்பெனிதான் நீ வரைந்து போட்டுக்கொண்டிருந்த காமிக்ஸ் ஆப்பில் வாசகர் ஓட்டு வைத்தது. எந்த வெப்காமிக்ஸுக்கு ஓட்டு அதிகமோ, அதை மாத நாவல் சைஸில் அச்சடித்து ஊர் ஊராக விற்பார்களாம். பட்டியலில் உன் 'டோல்கேட் ராக்கு'வும் இருந்தாள். நீ இல்லாமலே அவள் போய் நின்றிருந்தாள்.

ராக்குவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கயத்தாறு ரோட்டில் ஒரு டோல்கேட் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவள். வண்டி நின்று கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிற முகங்களைப் பார்த்தே களவையும் கொலையையும் பிடித்துவிடுவாள். ரவிக்கைக்கு ஹூக் வைக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில், போனிலேயே விரலால் பத்மா வரைந்த கதை. "என் ராக்கு ஒரு நாளு பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப்பு மாட்டித் தொங்கணும் வதினா. மதுரை பஸ்ஸுக்கு நிக்குத பொம்பள ஒருத்தி அவள வாங்கிட்டு ஏறணும்"னு நீ சொல்வாய் பத்மா. வேறு எதற்கும் நீ ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு நல்ல சேலைக்குக்கூட ஆசைப்பட்டதில்லை.

அதனால்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. எப்பாடு பட்டாவது உன்னை அந்தக் கயிற்றில் தொங்கவிட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் ஏறிவிட்டது.

என் கடைக்கு வருகிறவர்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பொம்பளைகள், ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து கமிஷன் கடையில் உளுந்து போட வந்த பெரியவர்கள். போனை நீட்டி, "நீங்களே பாத்துப் போட்டு விடுங்க"ன்னு கையில் கொடுத்துவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம் போதும் எனக்கு. ரீசார்ஜோடு அந்த ஆப்பையும் இறக்குவேன், அவர்கள் நம்பரைப் போடுவேன், ஓடிபி அந்தப் போனுக்கே வரும், ராக்குவுக்கு ஒரு ஓட்டைக் குத்திவிட்டு ஆப்பை அழித்துவிடுவேன். அவர்கள் போனில் நெட் தீர்ந்திருக்கும், அதற்குத்தானே வந்திருக்கிறார்கள். அதனால் என் கடை வைஃபையிலேயே எல்லாம் நடந்தது. ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ராக்கு யாரென்று சொல்ல வேண்டும், நேரம் ஆகும், வரிசை நிற்கும். நல்ல காரியத்துக்குத்தானே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு நாள் கோமதி ஓடி வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடுகிறாளே, நம்ம கோமதி. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"யக்கா, ஓட்டுப் போட்டதுக்கு நன்றினு மெசேஜ் வந்திருக்கு. நான் எங்கனயும் போடலையே? ஓடிபி யாருட்டயும் சொல்லப்படாதுனு பேங்குல சொன்னாவளே, என் துட்டு போயிருமாக்கா?"

நான் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்: "அது சும்மா ஆபர் மெசேஜுட்டி. எல்லாருக்கும் வருது. பயப்படாத போ."

அவள் நம்பிவிட்டாள். "நீங்க சொன்னா சரிதான்கா"ன்னு போனாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமும் வந்த போனிலெல்லாம் குத்தினேன்.

முடிவு வருவதற்கு முன்னாலேயே ஆப்பில் ஒரு அறிவிப்பு போட்டுவிட்டார்கள். ஒரே இடத்திலிருந்து, ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து படிக்காத நம்பர்களிலிருந்து 'டோல்கேட் ராக்கு'வுக்குக் கள்ள ஓட்டு விழுந்திருக்கிறதாம். அந்த இடத்து ஓட்டு மொத்தமும் செல்லாது, ராக்குவையும் பட்டியலை விட்டு நீக்கிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கள்ள ஓட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முன்னணியில் இருந்தது எது எது என்று கீழே போட்டிருந்தார்கள். நான் கை வைக்காமலே, வெளியூர் வாசகர்கள் போட்ட நல்ல ஓட்டிலேயே, நீ முதல் இடத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாய் பத்மா. யாரும் தள்ளிவிடாமலே நீ போய்ச் சேர்ந்திருப்பாய்.

உன் பக்கத்தில் ஒரு வாசகி எழுதியிருந்தாள், "செத்துப்போனவங்க பேர்லயா இந்த வேலை?" என்று. இன்னொருவர், "அப்ப நாங்க போட்டதும் பொய்யா?" என்று கேட்டிருந்தார். அவர்களுக்குச் சொல்கிறேன். பொய் முழுக்க என்னுடையது. பத்மா உயிரோடு இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

உன் வீட்டுக்காரன் சீனி தம்பி இதற்கெல்லாம் என்ன சொன்னான் என்று கேட்பாய். நீ இருந்தவரை உன் காமிக்ஸை அவன் ஏறெடுத்துப் பார்த்ததில்லை, அது உனக்குக் குறை. நீ போன பிறகு பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் ஒரு போன் வாங்கினான். தினமும் மில் விட்டு வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் வைஃபையில், முதல் பக்கத்திலிருந்து ராக்குவைப் படித்தான். எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதடு அசையும். ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, நான் பார்க்கிறேனோ என்று வெட்கப்பட்டான். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அவனாகவே தடவித் தடவி ஓட்டுப் போட்டான்.

அந்த அறிவிப்பை நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்த இடத்து ஓட்டு மொத்தமுமா அக்கா?"

"ஆமாய்யா."

"நான் நெசமாத்தான போட்டேன். படிச்சிட்டுத்தான போட்டேன்."

என்னைத் திட்டவில்லை அவன். திட்டியிருந்தால் நானும் வாயாடி நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். ஆப்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். என் கடையிலிருந்து போன எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள், ஒன்றே ஒன்று மட்டும் நிஜம், அது அவள் புருஷன் போட்டது என்று. பிரித்துப் பார்க்க வழியில்லை, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அவன் உனக்குச் செய்த ஒரே மரியாதையை நான் கள்ள ஓட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். யா அல்லா, இதை நான் எங்கே கொண்டு போய்க் கழுவ?

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ராக்குவைப் படித்ததே இல்லை. நீ ஒவ்வொரு தடவை போடும்போதும், "எப்படி இருந்துச்சு வதினா?" என்று கேட்பாய். "பிரமாதம்டி"ன்னு அளந்துவிடுவேன். கடைசியில் ராக்கு என்ன செய்தாள் என்று மடக்கினால், "நீயே சொல்லு, ஒன் வாயால கேட்டாத்தான் ருசி" என்பேன். நீயும் சிரித்துக்கொண்டே சொல்வாய். உனக்காக ஊர் போனையெல்லாம் திறந்த நான், உன்னைத் திறந்து பார்க்கவில்லை.

அறிவிப்பு வந்த பிறகுதான், மத்தியானம் கடை காற்றாடிக்கொண்டிருந்த நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். பாதிக் கதையில் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற மைனா அக்கா என்று ஒருத்தி வருகிறாள். குண்டாக, தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவள். சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டு வாங்கினவனோடு சண்டை போடுகிறவள். நாசமாப் போறவளே, என்னை என்னமாக வரைந்திருக்கிறாய்! தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த பக்கத்தில் வில்லன் வருகிறான். ராக்கு சார்ஜ் போடக் கொடுத்துவிட்டுப் போன போனைக் கொஞ்சம் காட்டச் சொல்கிறான். அதற்கு மைனா அக்கா சொல்கிறாள்: "அடுத்தவ போனு அடுத்தவ வீடுய்யா. அவ இல்லாத நேரம் பாத்து நான் நொழைய மாட்டேன். எந்திரிச்சுப் போ."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்புறம் திருப்பினால், கீழே ஒரு வாசகி உன்னிடம் கேட்டிருக்கிறாள், மைனா அக்கா மாதிரி நிஜமாகவே ஆள் உண்டா என்று. நீ பதில் போட்டிருக்கிறாய்: "உண்டு. எங்க பக்கத்துக் கடைதான். அவிய இன்னும் படிக்கல. படிச்சா என்னைய அடிப்பாவ."

தெரிந்தே இருந்திருக்கிறது உனக்கு! பிறகு ஏன் ஒவ்வொரு தடவையும் "எப்படி இருந்துச்சு வதினா?"ன்னு கேட்டாய்? என் பொய்யைக் கேட்கவா? இல்லை, என்றைக்காவது படிப்பேன் என்றா? இனி யாரிடம் கேட்பேன் இதை?

மறுநாளிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன், உங்கள் போனில் இப்படிச் செய்துவிட்டேன் என்று. சிலர் சிரித்தார்கள். போனை வாங்கிக்கொண்டு போன சிலர் திரும்ப வரவில்லை. அவர்கள் வராதது நியாயம்தான். கோமதி முழுசும் கேட்டுவிட்டு, கண் கலங்கிப்போய் நின்றாள்.

"பத்மா மதினி எனக்கு எத்தன ரவிக்க தைச்சுக் குடுத்திருக்காவ. கேட்டிருந்தா நானே போட்டிருப்பேம்லாக்கா?"

எல்லாரும் போட்டிருப்பார்கள் பத்மா. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இதை எழுதி முடித்து சீனி தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். உன் பக்கத்தில் எதையும் போட உன் பழைய போன்தானே வேண்டும், அது அவனிடம் இருக்கிறது. என் கையில் நீட்டினான். "நீயே போடுய்யா, நான் தொடல"ன்னேன். "நான் குடுக்கேன்லாக்கா, வாங்குங்க"ன்னான். வாங்க எனக்குக் கை வரவில்லை. அவன்தான் போடுகிறான்.

ஊரார் போனிலெல்லாம் குத்தினேனே, என் சொந்தப் போனில் ஓட்டுப் போட மறந்தே போய்விட்டேன். ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, போட்டிருந்தால் படிக்காமல் போட்டதாக இருந்திருக்கும். இப்போது படித்துவிட்டேன். அடுத்த தடவை உன்னைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் என் போனில் ஒரு ஓட்டு, சீனியுடையதில் ஒன்று, கேட்டு அவர்களாகப் போட்டால் கோமதி மாதிரி ஆட்களுடையது. சேர்க்காவிட்டால், பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளைகளிடம் போய் உன் கதையை என் வாயால் சொல்வேன், முதலிலிருந்து கடைசி வரை, ஒரு பக்கம் விடாமல். இனி ஒருத்தர் போனையும் அவர்கள் கண்ணுக்கு மறைவாகத் தொட மாட்டேன். நீ வரைந்து வைத்திருக்கிற மாதிரி ஆகப் பார்க்கிறேன். ஆனபிறகுதான் உன் கடைப் பக்கம் திரும்புவேன்.

பிரமாதமா இருந்துச்சுடி. நெசமாவே.

உன்னிடம் அடி வாங்க வேண்டிய,
பக்கத்துக் கடை வதினா,
மைமூன்