‘தற்போது’ என்ற சொல்லை அடித்த புதன்கிழமை

ஈஸ்ட் கோல்டர், வெர்மான்ட்
மார்ச் 8, சனிக்கிழமை

அன்பு மகன் ரெமிக்கு அம்மா எழுதுவது.

இங்கே முழங்கால் வரைக்கும் சேறு, அதை விட்டால் எல்லாரும் சுகம். நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் கை கால் விறைக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ந்த காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். கோலெட் போன ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள், திரும்பிப் போகும்போது கார் நம் வீட்டுச் சரிவிலேயே அச்சு வரை புதைந்துவிட்டது, உன் அக்காவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டுக் குழந்தைகள் ரெண்டும் கைதட்டின. பக்கத்துத் தோட்டத்தில் மேப்பிள் சாறு காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள், நம் சமையலறை ஜன்னல் வரை ஆவி வருகிறது. என் இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்கிறார், இந்தச் சேற்றில் எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போனாயா இல்லையா? போகவில்லை என்று எனக்குத் தெரியும், சும்மா கேட்டு வைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம். கல்லூரியை மூடப் போகிறார்கள் ரெமி. அடுத்த வருஷம் ஜூன் மாதத்தோடு கோல்டர் கல்லூரி முடிந்தது. உனக்கு அங்கேயே செய்தி வந்திருக்கலாம், ஆனால் எப்படி நடந்தது என்று வந்திருக்காது. பிப்ரவரியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு எல்லாரையும் பழைய ஜிம்முக்கு வரச் சொன்னார்கள். பேராசிரியர்கள், பிள்ளைகள், சமையல்காரர்கள், பனி தள்ளுகிறவர்கள், டீன் அலுவலகத்திலிருந்து நான், ஒருத்தர் பாக்கியில்லை. நவோமி ஸ்ட்ராண்ட் மைக் கூட இல்லாமல் எழுந்து நின்றாள். நீ போன பிறகு வந்த கல்லூரித் தலைவர் அவள், அதற்கு முன்னால் கல்லையும் பாறையையும் பற்றிப் பாடம் சொன்னவள், இப்போதும் சட்டைப் பையில் ஒரு கூழாங்கல் கிடக்கும். “கஜானா காலியாகிற வரைக்கும் நடத்தலாம், நடத்தினா ஒரு நாள் காலையில கதவுல பூட்டு தொங்கும், பிள்ளைங்க பெட்டியோட ரோட்ல நிப்பாங்க. இப்பவே சொல்லிட்டா ஒருத்தர் விடாம கரை சேர்த்துடலாம், உங்க சம்பளத்தையும் கடைசி மாசம் வரைக்கும் குடுத்துடலாம். அதனால இப்பவே சொல்றேன். இன்னும் ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு” என்றாள். பின்னாலிருந்து யாரோ அப்ப உங்க வேலை என்று கத்தினார்கள். “சாவியை ஒப்படைச்சுட்டுக் கடைசியாப் போறவ நான்தான்” என்றாள். ஐந்து தலைவர்களுக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். என் தப்பு என்ற சொல்லை ஒருத்தருக்காவது அடித்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

அதை விடு, மறுநாள் காலை என்ன நடந்தது தெரியுமா, எதுவுமே நடக்கவில்லை. எட்டு மணி வகுப்பு எட்டு மணிக்கே ஆரம்பித்தது. உன் கிரேக்கப் பேராசிரியர் குவிம்பி இருக்கிறாரே, எழுபத்து நான்கு வயசு, அதே ஓட்டைக் கார், அதே முழங்கை கிழிந்த கோட்டு, எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு ஒரே ஒரு கிரேக்க வரியை ஒரு மணி நேரம் கடைந்துகொண்டிருந்தார். நான் ஒரு தாளைக் கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். வீடு இடிந்து விழப்போகிறது என்று தெரிந்தும் ஒரு வினைச்சொல்லுக்காக மல்லுக்கட்டுகிற மனுஷர்களை நான் வேறு எங்கே பார்ப்பேன்? நீ கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணியபோது கல்லூரிப் பேச்சு வந்ததும் சும்மா கிடைச்சது, சும்மா போச்சு என்றாய். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன் கேள். கல்லூரியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளை என்று உனக்குக் கட்டணம் வாங்கவில்லைதான். வருஷத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் டாலர் என்று புத்தகத்தில் அச்சடித்திருப்பார்கள், அதை முழுசாகக் கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதியை யார் கொடுத்தார்கள் என்று நினைக்கிறாய்? அந்தக் கிழிந்த கோட்டு கொடுத்தது. நம் வீட்டுக் குழாய் சரிசெய்ய வருகிறவன் அவரை விட நன்றாகச் சம்பாதிக்கிறான். அது சும்மா இல்லை, யாரோ தினமும் தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், நமக்குத்தான் தெரியவில்லை. சும்மா போகவும் இல்லை. போன வருஷம் நீ வேலை பார்க்கிற கம்பெனிப் படகுகளில் உயிர்காக்கும் உடுப்பெல்லாம் கிழிந்து கிடக்கிறது என்று முப்பது பேர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எழுதியது யார்? அத்தனை பேரில் உன்னைத்தானே எழுதச் சொன்னார்கள், கம்பெனியும் ஒரே வாரத்தில் புது உடுப்பு இறக்கியதே. இந்தக் கல்லூரி சொல்லிக்கொடுக்கிற லிபரல் ஆர்ட்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன், நகல் என் கைப்பையில் இருக்கிறது, கேட்காதவர்களுக்கும் காட்டியிருக்கிறேன்.

இப்போது புதன்கிழமைக் கதை. செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம், ரோடு போடுகிற புது வண்டி வாங்குவதா வேண்டாமா என்று மூன்று மணி நேரம், நடுவில் பீன்ஸும் ரொட்டியும், நான் ரெண்டு தடவை எழுந்து பேசினேன், வழக்கம்போல வால்ட்தான் கூட்டத்தை நடத்துகிற மாடரேட்டர், அவரை அய்யா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் யாரும் பேச ஆரம்பிக்கலாம். மறுநாள் பிற்பகல் பேராசிரியர்கள் கூட்டம். எனக்கு எப்போதும் போல மூலை மேஜை, நோட்டு, பேனா. ஊர்க்கூட்டத்தில் ஊரில் இருக்கிற யார் வேண்டுமானாலும் பேசலாம், இங்கே குறிப்பு எழுதுகிறவள் வாய் திறக்கக் கூடாது, இருபத்தாறு வருஷமாகத் திறந்ததில்லை. அன்றைக்கு வந்த தீர்மானம் இதுதான்: கல்லூரி மூடும் முன், தற்போது பதிவில் உள்ள மாணவர்கள் அனைவரும் படிப்பை முடிக்க வழி செய்யப்படும். நல்ல தீர்மானம், எல்லாரும் தலையாட்டினார்கள். குவிம்பி மட்டும் எழுந்து, “இந்த ‘தற்போது’ எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கு? பதிவுல உள்ளவங்கன்னாலே போதுமே” என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் ஒரு காற்புள்ளிக்காக இவர்கள் முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டதை வீட்டுக்கு வந்து நான் நடித்துக் காட்டுவேன், நீயும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் பதிவேட்டிலிருந்து ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். ஒரே ஒரு பருவம் பாக்கி வைத்துவிட்டு, விலகுகிறேன் என்று எழுதியும் கொடுக்காமல் போனவர்கள், பேருக்கு நேரே ‘முடியவில்லை’ என்று போட்டிருக்கும், மொத்தம் நாற்பத்து மூன்று பேர். ‘தற்போது’ இருந்தால் அவர்கள் இல்லை. ‘தற்போது’ போனால் அவர்களும் உண்டு, பேர் இன்னும் பதிவில்தானே இருக்கிறது. கல்லூரி மூடிவிட்டால் பதிவேட்டை மாநில அரசு எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடும், அதற்கப்புறம் அந்த ‘முடியவில்லை’யை மாற்ற உலகத்தில் ஆளே இருக்காது. பட்டியலில் முப்பத்தேழாவது பேர் உன்னுடையது.

பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற ஹாஸ்கெல் எழுந்து, பழசை எல்லாம் கிளறினா இருக்கிற பிள்ளைங்களுக்கே நேரம் பத்தாது, நாமளே பாதிப் பேர் வேலை தேடிக்கிட்டு இருக்கோம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. ஓட்டெடுக்கப் போகிறார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை ரெமி, ஊர்க்கூட்டம் என்ற நினைப்பிலேயே எழுந்து நின்று கையைத் தூக்கி, தலைமை தாங்கிய நவோமி ஸ்ட்ராண்டைப் பார்த்து “மாடரேட்டர் அய்யா” என்று கூப்பிட்டுவிட்டேன். அறையே வெடித்துச் சிரித்தது. எனக்குக் காது மடல் எல்லாம் சுட்டது, ஆனால் எழுந்தவள் எழுந்தவள்தானே, உட்காரவில்லை. “அந்தப் பட்டியலை டைப் அடிச்சவ நான். அதுல இருக்கிறவங்க யாரும் படிப்பு பிடிக்காமப் போகல. வீட்ல யாரோ விழுந்தாங்க, யாரோ செத்தாங்க, பணம் தீர்ந்துச்சு, குழந்தை பொறந்துச்சு. நீங்க மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க” என்றேன். ஹாஸ்கெல் என் பக்கம் திரும்பி, கோபமாகக் கூட இல்லை, “டெல்ஃபின், அந்த லிஸ்ட்ல உங்க ஆள் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். பொய் சொல்ல முடியுமா? ஆமா, என் பையன் என்றேன். அப்புறம் நான் சொன்னதை உனக்கு மறைக்க மாட்டேன். “அதுதான் இடைஞ்சல்னா அவன் பேரை அடிச்சுடுங்க, மத்த நாப்பத்திரண்டு பேருக்கும் குடுங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நிமிஷத்தில் உன்னை நானே கைவிட்டேன் கண்ணே. ஆனாலும் திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். என்னை மன்னித்துக்கொள்.

ஹாஸ்கெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “அது எப்படி? நாப்பத்து மூணுன்னா நாப்பத்து மூணுதான். ஒருத்தரைத் தள்ளிட்டு கணக்கு முடிக்கிறதுக்கா இத்தனை வருஷம் நான் பாடம் எடுத்தேன்?” என்றார். குவிம்பி எழுந்து, டெல்ஃபின் சொன்னதுதான் என் திருத்தம், ‘தற்போது’ என்ற சொல்லை அடிக்கணும் என்றார். அதை வழிமொழிந்தது யார் என்று நினைக்கிறாய், ஹாஸ்கெல்! மூலையிலிருந்து யாரோ குறிப்பு எழுதுபவர் பேசியது விதிக்குப் புறம்பு என்று முணுமுணுத்தார்கள். நவோமி ஸ்ட்ராண்ட், “விதிப்படி அவங்க பேசக் கூடாது, விதிப்படி என்னை அய்யான்னும் கூப்பிடக் கூடாது, ரெண்டையும் அப்படியே குறிப்புல ஏத்திக்கட்டும்” என்றாள். முப்பத்தொன்றுக்கு நான்கு. வேலை போகப்போகிற முப்பத்தைந்து பேர், அவர்களில் முப்பத்தொரு பேர் சம்பளமில்லாத கூடுதல் வேலையைக் கை தூக்கி வாங்கிக்கொண்டார்கள் ரெமி. நான் வீட்டுக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோவிலுக்குப் போய் வந்தால் கூட எனக்கு அப்படி இருந்ததில்லை, பாதிரியாரிடம் சொல்லிவிடாதே.

நேற்று குவிம்பி என் மேஜைக்கு வந்தார். பதினோரு வருஷமாக இழுப்பறையில் வைத்திருந்த உன் ஆய்வேட்டுப் பக்கங்கள் நாற்பதையும் கொண்டுவந்து வைத்தார். கிரேக்கர்கள் காற்றுகளுக்கு வைத்த பெயர்களைப் பற்றி நீ எழுதியதுதான். காத்துக்குப் பேர் வச்சா எவன்டா காசு குடுப்பான் என்று அப்பா உன்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார், ஞாபகம் இருக்கிறதா, ஆனால் கூரையிலிருந்து விழுந்து, கண்ணை மூடுகிற வரை படுக்கையில் கிடந்தபோது ரேடியோவில் புயல் செய்தி வந்தால் இதுக்கு உன் புள்ள என்ன பேர் சொல்லுவான் என்று என்னிடம்தான் கேட்பார், உன்னிடம் கேட்க வாய் வராது. அவருக்குச் சோறு ஊட்டவும் வீட்டுக்குச் சம்பாதிக்கவும்தான் நீ படிப்பைப் பாதியில் விட்டாய், அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. ஓரங்களிலெல்லாம் குவிம்பியின் பென்சில் எழுத்து. “தென்காத்தைப் பத்தி அவன் எழுதினது தப்பு, ஆனா நல்ல தப்பு. அப்ப அவன் கடலையே பார்த்ததில்ல. இத்தனை வருஷம் கடல்ல இருந்தவன்கிட்ட இப்ப கேட்டா எனக்கே சொல்லிக்குடுப்பான், கேட்டுட்டு ஓய்வெடுத்துக்கிறேன்னு எழுதுங்க” என்றார். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது, தூசி என்றார். நானும் தூசிதான் என்றேன்.

பக்கங்களையும் ஒரு படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். படிவம் ஏப்ரல் பதினைந்துக்குள் திரும்ப வர வேண்டும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் உன் கையெழுத்து இருக்க வேண்டும், உனக்காக நான் போட முடியாது என்று பதிவாளர் முன்கூட்டியே என்னை எச்சரித்துவிட்டார், என்னை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். அதில் ரெண்டே கட்டம்தான், முடிக்கிறேன், விலகுகிறேன். முடித்தால் சம்பளம் கூடுமா என்று கேட்பாய், கூடாது. படகை விட்டு வர வேண்டியதில்லை, ஆய்வேட்டை அங்கிருந்தே எழுதலாம். நான் உன்னை வற்புறுத்த மாட்டேன், முப்பத்து மூன்று வயசு ஆம்பிளையை வற்புறுத்தி என்ன ஆகப்போகிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள், வருகிற படிவங்களைப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலையை எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நீ எந்தக் கட்டத்தில் குறி போட்டாலும் என் கையால்தான் எழுதப்போகிறேன். விலகுகிறேன் என்று வந்தால் அதையும் தெளிவான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன், ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுகிற வரை அழவும் மாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் ஆண்டவர் உன் படகுக்கும் உனக்கும் துணை இருக்கட்டும், உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும். பல் டாக்டரிடம் போ. ஏப்ரல் பதினைந்து.

உன் அம்மா
டெல்ஃபின் பெல்கி