ஏறிய மூன்று கிலோ

கீழ்பென்னாத்தூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கவிநிலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை. இங்கே எனக்கு ஒன்றுமில்லை, அம்மா தேறி வருகிறாள். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்த இந்தப் பதினோரு வருடமாக நான்தான் புத்தகம் படித்து, அரிசியைக் குறைத்து, பௌர்ணமிதோறும் கிரிவலம் கூட்டிப்போய் அவள் எடையைப் பிடித்து வைத்திருந்தேன், அதைத் தப்பு என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன பௌர்ணமியில் அவள் பின்தங்கியே வந்தாள். அடி அண்ணாமலையில் காணோம் என்று திரும்பிப் போய்ப் பார்த்தால் அன்னதானப் பந்தல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள், கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை. மூச்சு வாங்குதுன்னு உட்கார்ந்தேன், யாரோ கையில குடுத்துட்டுப் போனாங்க, நான் தொடலை என்றாள். நான் நம்பவில்லை. அடுத்த பத்து நாளில் எடை மூன்று கிலோ ஏறியது. சர்க்கரையோ நூற்று முப்பதுதான் காட்டியது, சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் பழசு என்று புதிது வாங்கினேன், அதுவும் அதையே காட்டியது. அப்போதாவது யோசித்திருக்கலாம், வெல்ல டப்பாவைத்தான் பரணில் ஏற்றினேன். உனக்கும் சொன்னேன், நீயும் போனில் அவளிடம், வாயைக் கட்டும்மா என்றாய். அவள் சோற்றை இன்னும் குறைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள்தான் அவள் காலில் செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே வேங்கிக்காலில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள், நான் சண்டை போட்டுக்கொண்டே பின்னால் போனேன். டாக்டரம்மா கணுக்காலை விரலால் அழுத்தினார், குழி அப்படியே நின்றது. "இது சாப்பிட்டு ஏறின எடை இல்லீங்க ஐயா, தண்ணி. இதயம் பம்ப் பண்றது கம்மியாயிடுச்சு, அதான் தேங்குது" என்றார். சர்க்கரை இன்று கட்டுக்குள் இருந்தாலும், இத்தனை வருடத்தில் அது இதயத்தைத் தொட்டுவிடுமாம். என் புத்தகத்தில் அது இல்லை. மாத்திரை போட்டதில் ஐந்தே நாளில் மூன்று கிலோவும் இறங்கிவிட்டது. உப்பைக் குறைத்தாயிற்று, தினம் காலையில் எடை பார்க்கிறோம், இரண்டு கிலோ சட்டென்று ஏறினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

அன்னிக்கே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேற்று நானாகவே, நீ சாப்பிடலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு என்றேன். "கவி இன்னும் நான் சாப்ட்டேன்னுதானே நெனச்சிட்டிருப்பா" என்றாள்.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சர்க்கரை எவ்வளவு என்று ஆரம்பிக்காதே. உன்னை நம்பாமல் போய்விட்டேன் அம்மா என்று முதலில் சொல். அதற்குப் பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம், அவளோடேயே பேசு.

அப்பா
கருப்பன்