முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி

மார்ச் 4
மாப்பிள்ளை மறுபடி ஆரம்பித்துவிட்டார். எங்கள் நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் பில்ட் வேலைக்கு நான் இருபத்தாறு வருடத்துக்கு முன் எழுதிய மேக் ஃபைல் என்ற பட்டியலைத் தூக்கிவிட்டுப் புது முறை கொண்டுவர வேண்டுமாம். "எந்தக் கோப்பு மாறினா எதைத் திரும்ப பில்ட் பண்ணணும்னு நாமே கையால எழுதி வச்சிருக்கோம், அத்தை. ஒண்ணு விட்டுப்போனா யாருக்குத் தெரியும்?"
மகன் சிரித்தான். "மச்சானுக்கு மாசத்துக்கு ஒரு பொம்மை வேணும்."
எங்கள் மென்பொருள் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ்களை ஓட்டுகிறது. ஒரு எழுத்தையும் தொட விடமாட்டேன் என்றேன்.

மார்ச் 11
ஓர் ஆலையில், ஆள் கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கிவிட்டது. வலது கை. மணிக்கட்டு வரை இல்லை.

மார்ச் 12
போய்ப் பார்த்தேன். கழுவியிருந்தார்கள், திருகு மரைகளில் மட்டும் சிவப்பு. அச்சில் ஒட்டிய கையுறையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.
கனமான அச்சு பொருத்தியதால், கை நுழைந்தால் பிரஸ்ஸை இன்னும் சீக்கிரம் நிறுத்த வேண்டும். அதற்கான அளவைக் கோப்பில் போன வாரம் மாற்றியவர் மாப்பிள்ளை. கடைசி பில்டைச் செய்து அனுப்பியவன் மகன். மாப்பிள்ளையைத் தவிர வேறு யார்மேல் சந்தேகப்படுவது?

மார்ச் 13
காலையில் கை போனவரின் தம்பி இரும்புக் குழாயோடு வந்தான். வாசல் கண்ணாடி, இரண்டு திரைகள், மாலை போட்ட என் கணவரின் படம் – எல்லாம் நொறுங்கின. அவன் போனதும் மகன் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தான்.
"என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே வந்துச்சு."
மாப்பிள்ளை சொல்லி முடிக்கவில்லை. மகன் அவர் தலையை மேசை விளிம்பில் மோதினான். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.
நானும் அடித்தேன். எழுதிவிடுகிறேன். அதற்கு முன்பே, மோதிரக் கையால், இரண்டு முறை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள்கூடக் காரணம் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள். நான் எதையும் கேட்கவில்லை.
மகள் ரத்தத்தைத் துடைத்தாள். "இனிமே எனக்கு அம்மான்னு யாரும் இல்ல." சத்தம் போடாமல் சொன்னாள்.

மார்ச் 14
மகள் போனை எடுக்கவில்லை.

மார்ச் 15
குற்றத்தை நிரூபித்துவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன். அவர் போட்ட அளவு சரி. ஆனால் பிரஸ்ஸை நிறுத்தும் பகுதி ஜனவரியில் பில்ட் ஆனது. புது அளவு அதற்குள் போகவே இல்லை. ஏன்?
மேக் ஃபைலில் வரி 312. அந்தப் பகுதி நம்பியிருக்கும் கோப்புகள் ஆறு எழுதியிருக்கிறேன். ஏழாவது, அளவுகள் இருக்கும் கோப்பு, இல்லை. என் வரி.
பழையதையெல்லாம் அழித்துவிட்டு பில்ட் செய்வது என் வழக்கம். அதனால் இத்தனை வருடம் தெரியவில்லை. அந்த வழக்கத்தை மகனிடம் சொன்னேனா? எங்காவது எழுதி வைத்தேனா? – இல்லை. இல்லவே இல்லை.
கையிலிருந்த கோப்பையைச் சுவரில் அடித்தேன்.

மார்ச் 17
அந்த வரியைக் காகிதத்தில் அச்செடுத்து மகனிடம் காட்டினேன்.
"யாருகிட்டயும் சொல்லாதீங்க. மச்சான் பேர்லயே போகட்டும்."
"மாப்பிள்ளைய ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றியா?"
"அப்பா கம்பெனிம்மா இது."
காகிதத்தைப் பிடுங்கினான். நான் விடவில்லை. விரலை மடக்கினான், சுண்டுவிரல் ஒடிந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். இன்னொரு பிரதி எடுத்தேன்.

மார்ச் 20
விசாரணை அலுவலகம். வாக்குமூலத்தில் "தவறு நேர்ந்தது" என்று எழுதினார் அதிகாரி. "தவறு செய்தேன்" என்று திருத்தச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.
வெளியே கை போனவரின் தம்பி நின்றான். நானே போய்ச் சொன்னேன். அறைந்தான். மூக்குக்கண்ணாடி போயிற்று. புகார் கொடுக்கவில்லை.

மார்ச் 24
மகள் வீடு. கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. தாடையில் கம்பி, பேச முடியாது. மன்னிப்புக் கேட்டேன்; தலையை மட்டும் அசைத்தார். அது சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை.
பிறகு வேலை. இரண்டு முறைகள் இருக்கின்றன, தாளில் எழுதிக் காட்டினார். ஒன்று, எது எதை நம்பியிருக்கிறது என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மற்றது, பேஸல் என்ற கருவி, நாம் அறிவிக்காத கோப்பைக் கண்ணிலேயே காட்டாது; பில்ட் அங்கேயே நின்றுவிடும்.
நிற்பதையே வைப்போம் என்றேன்.
"உயிரை எடுத்துடும் அத்தை" என்று எழுதினார்.
"எடுக்கட்டும்."

ஏப்ரல் 9
மகன் அலுவலகம் வருவதில்லை. மகள் வீட்டு மேசையில்தான் வேலை. இன்று முதல் முறையாகப் பேஸலை ஓட விட்டோம். நின்றது. திருத்தினேன். நின்றது. மாலைக்குள் பதினேழு இடம். எல்லாம் நான் எழுதாமல் விட்டவை. மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.
இருட்டி, தாளில் எழுத்து மங்கியது. மகள் வந்தாள். விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.